புதன்கிழமைகளை எங்களுக்கு வைத்துவிட்டுப் போகும் ஆர்டிஸ் நெவ்டால் அம்மையாருக்கு

ஓரின் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தின் படிக்கட்டுக்கு அடியில், சன்னல் இல்லாத சிற்றறையில், முப்பத்தேழு ஆண்டுகள் முதுகு வளைத்து, எட்டுக் கல்லூரிகளின் ஆட்ட நாட்களை அட்டையில் எழுதி, மரப்பெட்டியில் அடுக்கி, அழித்து, மறுபடி அடுக்கி, ஒருவரை ஒருவர் களத்துக்கு வெளியே அடித்துக்கொள்ளாமல் காத்தருளிய அட்டவணை அரசியே! பனிப்புயலையும் பயிற்சியாளர்களையும் ஒரே பொறுமையோடு தாங்கிய பெருமாட்டியே! பிறர் பசியாறப் பரிமாறி, பின்பந்தியிலும் பின்னால் அமர்ந்த பெருந்தகையே! களைத்த கைகளைக் கூப்பி வணங்குகிறோம்.

களைத்த கைகள் என்றது அலங்காரத்துக்காக அன்று. நேற்று முன்தினம்தான் மென்பந்து அணி பதினெட்டு மணி நேரம் பேருந்தில் போய்வந்து இறங்கியது. இந்த அவையில் பாதிப்பேர் உட்கார்ந்துகொண்டே உறங்குவார்கள். தாங்கள் பொருட்படுத்தக் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இம்மடலை எழுதும் பொறுப்பைப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ரஸ் க்ளிமெக் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். ரஸ் எழுதினால் அது மடலாக இராது, நடுவர்மீது எழுதும் புகாராகத்தான் இருக்கும் என்று நாங்கள் தடுத்துப் பார்த்தோம். மூன்று ஆண்டுகளாகத் தங்களிடம் வேலைப் பேச்சு தவிர ஒரு சொல் பேசாத மனிதர் அவர். அவர் மட்டுமா? நாங்களும்தான். தாங்கள் எங்களை விற்றுவிட்டீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்றுப் போகும் நாளில் ஒருவரைப் பொய்யான பழியோடு வாசல் தாண்ட விடலாகாது. ஆகவே பாராட்டுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறோம்.

அட்டவணை அரசியே! தங்கள் தொழிலின் நுட்பம் இந்த அவையில் இருக்கும் புதியவர்களுக்குத் தெரியாது. எட்டு நதிக் கூட்டமைப்பில் பக்கத்து ஊர்க் கல்லூரிகள் இரண்டிரண்டாகப் பயண ஜோடி. எங்களுக்கு ஜோடி ஆற்றுக்கு அக்கரையில் பத்தொன்பது மைலில் இருக்கும் செயின்ட் பெர்ட்டில். வெளியூர் அணி வெள்ளிக்கிழமை எங்களோடு ஆடும், சனிக்கிழமை அங்கே ஆடும், ஞாயிறு வீடு போய்ச் சேரும். ஒரே பயணத்தில் இரண்டு ஆட்டம். நாங்களும் அப்படியே போய்வந்தோம். அணிப் பெண்கள் திங்கட்கிழமை வகுப்பில் கொட்டாவி விடாமல் உட்கார்ந்தார்கள். செயின்ட் பெர்ட்டில்காரர்களோடு ஆடும்போது மட்டும் அவர்கள் குலத்தையே திட்டுவோம். மற்ற நாளெல்லாம் அவர்கள் துவைக்கும் இயந்திரம் பழுதானால் எங்கள் இயந்திரத்தில்தான் அவர்கள் சட்டை சுழலும்.

வந்த அணிக்கு வெள்ளிக்கிழமை மாலை லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் விருந்து. உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்ட ஹாட்டிஷைப் பெரிய கரண்டியால் அள்ளி அள்ளி வைப்பவர் தாங்கள். யாராவது ஒரு தட்டைத் தங்களிடம் நீட்டினால், “பரிமாறுறவ கடைசியிலதான் தட்டெடுக்கணும், போய் உக்காருங்க” என்று விரட்டுவீர்கள். அட்டவணையிலும் அதே சட்டம்தான். ஏழு கல்லூரிக்கும் நல்ல நாளைக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய நாள் எங்களுக்கு. தேர்வுக்கு முந்தின வாரம் நீண்ட பயணமா? ஓரினுக்கு. நன்றி நவிலும் விடுமுறை முடிந்த மறுநாள் ஆட்டமா? ஓரினுக்கு. இதைச் சொல்லி நாங்கள் முனகாத ஆண்டில்லை. ஆனால் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒரு கல்லூரிகூடத் தங்கள் அட்டவணையை எதிர்த்து ஒரு கடிதம் போட்டதில்லை. பயிற்சியாளர்கள் நிறைந்த உலகத்தில் இது எத்தகைய அதிசயம் என்பதைப் பயிற்சியாளரோடு குடித்தனம் நடத்துகிறவர்களைக் கேளுங்கள்.

அப்புறம் வந்தது விரிவாக்கம்.

கூட்டமைப்பின் ஆணையர் இதே அறைக்கு வந்து, திரையில் வண்ண வண்ணப் படங்கள் காட்டினார். எட்டைப் பதினொன்று ஆக்கப்போகிறோம் என்றார். மேற்கே மலையடிவாரத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்லூரிகள். வடக்கே கெட்டில் ரிட்ஜ் என்றொரு சின்னக் கல்லூரி. கெட்டில் ரிட்ஜ் இருந்த கூட்டமைப்பு கலைந்துபோய், ஆட ஆளில்லாமல் நிற்கிறது என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “பெருசா வளரலன்னா சின்னதா செத்துப்போவோம்” என்று அவர் முடித்தபோது நாங்கள் கை தட்டினோம். தொலைக்காட்சி வரும் என்றார்கள், தட்டினோம். தேசியப் போட்டியில் இன்னொரு இடம் கிடைக்கலாம் என்றார்கள், எழுந்து நின்று தட்டினோம். சும்மா சொல்லக்கூடாது, ரஸ் விசிலே அடித்தார்.

தாங்கள் ஒருவர்தான் கை உயர்த்திக் கேட்டீர்கள். “யாருக்கு யாரு ஜோடி?”

“அது சின்ன விஷயம். அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் ஆணையர்.

“சின்ன விஷயம் எல்லாம் என் மேசைக்குத்தான் வருது. அதான் கேட்டேன்.”

வெளியே வந்ததும் ரஸ் தங்களைச் சீண்டினார். “என்ன ஆர்டிஸ், உங்க பெட்டிக்குள்ள எட்டுக்கு மேல அடங்காதுன்னு பயமா?”

“அட்டை கடையில வாங்கிக்கலாம் ரஸ். கிழமைய எந்தக் கடையில வாங்குவீங்க? வாரத்துக்கு ஏழுதான் தர்றாங்க.”

நாங்கள் சிரித்தோம். பழைய ஆள், பழைய பெட்டி, பயப்படுகிறார் என்று பேசிக்கொண்டோம். அந்த வாரமே கல்லூரி முதல்வர் தங்களை அழைத்து, இந்த விரிவாக்கத்தால் இருக்கிற உறுப்பினர்களுக்கு நன்மை உண்டா என்று ஒரே ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். தாங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். என்ன எழுதினீர்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கல்லூரி ஆதரித்து வாக்களித்தது. விரிவாக்கம் நிறைவேறியது. புதிய ஜோடிகளை வகுக்கும் வேலை வழக்கம்போல் தங்கள் மேசைக்கு வந்தது.

ஜோடிப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்ட அன்று காலை ரஸ் அதை மூன்று முறை படித்தார். மலையடிவாரத்துக் கல்லூரிகள் இரண்டும் ஒரு ஜோடி. பழைய மூன்று ஜோடிகள் அப்படியே. செயின்ட் பெர்ட்டிலுக்கு ஜோடி, கெட்டில் ரிட்ஜ். பதினொன்று ஒற்றைப்படை அல்லவா? ஒன்று தனியாக நிற்க வேண்டும். அந்த ஒன்று ஓரின்.

ஜோடி இல்லாதவனுக்கு வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை. மற்றவர்கள் ஜோடி ஜோடியாக வார இறுதிகளை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது வாரத்தின் நடுப்பகுதி. புதன்கிழமைகள் எங்கள் தலையில் விழுந்தன. ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது மணி நேரம் போக, ஒன்பது மணி நேரம் வர. உயிரியல் தேர்வைப் பேருந்தின் குலுக்கலில் எழுதிய பெண்ணின் கையெழுத்தைப் பார்த்த பேராசிரியர், இவளுக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே என்று கேட்டனுப்பினார். உதவிப் பயிற்சியாளர் இருவர் வேலையை விட்டார்கள். ரஸ்ஸின் மகள் பள்ளி இசைக்குழுவில் வாசிப்பது புதன்கிழமைகளில். மூன்று ஆண்டில் ஒருமுறைகூட அவர் போய்க் கேட்டதில்லை. வருமென்ற தொலைக்காட்சி ஒரே ஒரு நாள் வந்தது. அன்றைக்கு நாங்கள் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

பட்டியல் வந்த முதல் குளிர்காலத்துத் துறைக் கூட்டத்தில்தான் ரஸ் அந்தச் சொற்களைச் சொன்னார். மடலில் எழுதக் கூடாத சொற்கள்; ஆனாலும் அவர் எழுதியே தீருவேன் என்கிறார்.

“வெளிய வேணாம்னு சொல்லிட்டு உள்ள வேணும்னு எழுதிக் கொடுத்தீங்க. பத்தொம்பது மைல்ல இருந்த ஜோடியத் தூக்கி யாருக்கோ தானம் பண்ணிட்டீங்க. நம்ம ஆளே நம்ம கழுத்த அறுத்தாச்சு. உங்களுக்கென்ன ஆர்டிஸ், உக்காந்த எடத்துல அட்டை மாத்துவீங்க. பஸ்ல போறது என் டீம் பொண்ணுங்க.”

தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “பஸ்ல போர்வை கூடுதலா வெச்சிருக்கேன் ரஸ். பின்சீட்டுக்கு அடியில” என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். பதிலுக்குப் பதில் பேசியிருந்தால்கூட எங்களுக்கு ஆறியிருக்கும்.

அதற்குப் பின் நாங்கள் செய்தது சின்னத்தனம். தேவாலய விருந்துக்குத் தங்களோடு பாத்திரம் தூக்க யாரும் வரவில்லை. பிறந்தநாள் அட்டையில் வெறும் கையெழுத்துப் போட்டோம். தலைமை அலுவலகம் கணினி அட்டவணை கொண்டுவந்தபோது, “இனி உங்க பெட்டி வேணாம் ஆர்டிஸ்” என்று ஆசை தீரச் சொன்னோம். அந்தக் கணினியின் இலட்சணம் முதல் மாதமே தெரிந்தது. மேற்கே மணி ஒரு மணி நேரம் பிந்தி ஓடும் என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். கணினி வெறுமனே ‘மாலை ஆறு’ என்று போட்டது. யாருடைய ஆறு? மலையடிவாரத்து அணி தன் கடிகாரத்து ஆறுக்கு வந்து இறங்கியபோது எங்களுக்கு ஏழு. நடுவர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அதைச் சரிபார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். அட்டவணை கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் ஒருவரும் பார்க்கவில்லை. தங்கள் பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். நேர எல்லை தாண்டும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கீழே, சிவப்பு மையில், ‘அவர்கள் கடிகாரம்’, ‘நம் கடிகாரம்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்போதும் வாய்விட்டு ஒரு நன்றி சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஐந்து மணிக்கு, பூச்சியத்துக்குக் கீழே இருபது டிகிரியிலும், பேருந்து வாசலில் தாங்கள் முட்டை சாண்ட்விச் பெட்டியோடு நின்றீர்கள். அது தங்கள் வேலை அல்ல. ஆளுக்கொன்று கையில் கொடுத்தீர்கள். மூன்று ஆண்டுகள் நாங்கள் அதைத் தங்கள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டோம். தின்றுகொண்டே தங்களைத் திட்டினோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பெருந்தகையே! சென்ற வாரம் தங்கள் மரப்பெட்டியை மெருகேற்றி இந்த விழாவில் தங்களுக்கே பரிசாகத் தரலாம் என்று தீர்மானித்தோம். அட்டைகளை வெளியே எடுக்கும் வேலை ரஸ்ஸுக்கு விழுந்தது. ‘ஓய்வு வாரம்’ என்று எழுதிய தடுப்புக்குப் பின்னால், அட்டை இருக்க வேண்டிய இடத்தில், நான்காய் மடித்த தாள் ஒன்று இருந்தது. முதல்வருக்குத் தாங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தின் நகல். பக்கம் என்பதுதான் பெயர்; எழுதியிருந்தது சில வரிகளே. அவற்றை அப்படியே படிக்கிறோம்.

‘கேட்ட கேள்விக்கு விடை: இருக்கிற உறுப்பினர்களுக்கு நன்மை இல்லை. பயணம் கூடும், படிப்பு குறையும், வாக்குறுதி தந்தவை எல்லாம் வரா. ஆனாலும் கெட்டில் ரிட்ஜைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. தனியாக விட்டால் அவ்வளவு தூரம் ஓர் ஆட்டத்துக்கு யாரும் போகமாட்டார்கள், இரண்டு ஆண்டில் அணியை மூடிவிடுவார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது செயின்ட் பெர்ட்டில். ஆகவே நம் ஜோடியைக் கொடுத்துவிடலாம். 1988-இல் இது ஏழு நதிக் கூட்டமைப்பு. நாம் எட்டாவதாக வந்து கதவைத் தட்டினோம். அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பெழுதியவள் நான். இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஓரினால் எந்த நன்மையும் இல்லை என்று ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு செயின்ட் பெர்ட்டில் தன் பழைய ஜோடியை விட்டுவிட்டு நம்மை எடுத்துக்கொண்டது.’

ரஸ் அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்களுக்காகத்தான் ஏழு எட்டானது என்பதை எங்களில் ஒருவருக்கும் யாரும் சொன்னதில்லை. கூட்டமைப்பின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு திரிந்தோம், ஐயோ, அந்த எட்டாவது நதி யாரென்று கேட்கத் தோன்றவில்லையே!

தாளை எடுத்துக்கொண்டு பேருந்து ஓட்டுநர் டுவெய்ன் ப்ரோகாப்பிடம் ஓடினார் ரஸ். ஊரில் எது நடந்தாலும் டுவெய்னுக்குத் தெரியும்.

“இது உனக்குத் தெரியுமா?”

“தெரியுமே. மூணு வருசமா தெரியும்.”

“அடப்பாவி, ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே. பஸ்ல நீங்க அவங்களத் திட்டிக்கிட்டு வருவீங்க, நான் ரோட்டப் பாத்துக்கிட்டு வருவேன்.”

“அவங்களாவது வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“நானும் கேட்டேன் கோச். ‘சொன்னா ஒண்ணு கும்புடுவாங்க, இல்ல சண்டைக்கு வருவாங்க டுவெய்ன். ரெண்டுக்கும் எனக்கு நேரமில்ல, பிப்ரவரி அட்டவணை பாக்கி இருக்கு’ன்னாங்க.”

கெட்டில் ரிட்ஜ் அணியை அவர்கள் இன்னும் மூடவில்லை. இந்த ஆண்டு எங்களை அவர்கள் இரண்டு முறை தோற்கடித்தார்கள். நன்றிகெட்டவர்கள் என்று டுவெய்ன் சொல்ல, ரஸ் நெடுநாளைக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தார்.

அம்மையீர்! இதைக் கேட்டு எங்கள் களைப்பு நீங்கிவிட்டது என்று மடல் மரபுக்காகப் பொய் சொல்லமாட்டோம். நீங்கவில்லை. புதன்கிழமை புதன்கிழமையாகவே இருக்கிறது. இடுப்பு வலி இடுப்பு வலியாகவே இருக்கிறது. தங்கள் நல்ல மனசுக்கு எங்கள் பெண்கள் ஏன் தூக்கம் கெட வேண்டும் என்று ரஸ் இரண்டு நாள் கோபமாகவே இருந்தார். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு. எங்களைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் நாங்கள் கொடுத்திருக்கமாட்டோம் என்பதும் உண்மை.

இதற்கிடையில் திங்களன்று முதல்வரிடமிருந்து கடிதம் வந்தது. தென்கோடியில் ஒரு கூட்டமைப்பு கலைகிறதாம். அடுத்தடுத்த ஊர்க் கல்லூரிகள் இரண்டு எங்கள் கதவைத் தட்டுகின்றனவாம். சேர்த்தால் பதின்மூன்று. அவை இரண்டும் தமக்குள் ஜோடியாகிவிடும். ஓரின் ஒற்றையாகவே நிற்கும். நீண்ட புதன்கிழமைகள் இன்னும் இரண்டு கூடும். இதனால் இருக்கிற உறுப்பினர்களுக்கு நன்மை உண்டா என்று, ஆர்டிஸ் ஓய்வுபெறுவதால், விளையாட்டுத் துறை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

நேற்று நண்பகல் எல்லோரும் தங்கள் சன்னலில்லா அறையில் கூடினோம். இருக்கை ஒன்றுதான், அதில் யாரும் உட்காரவில்லை. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குப் பத்துக் காரணம் இருந்தது, பத்தும் நல்ல காரணங்கள். கைப்பந்துப் பயிற்சியாளர் அழுதே விட்டார், இன்னொரு குளிர்காலம் இப்படி என்னால் முடியாது என்று. யாரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் ரஸ் தட்டச்சு செய்தார். கைப்பந்துப் பயிற்சியாளர்தான் முதலில் கையெழுத்திட்டார். முதல்வருக்கு இன்று காலை போய்ச் சேர்ந்த அந்தப் பக்கம் இதுதான்:

‘நன்மை இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். புதன்கிழமைகள் எங்களிடமே இருக்கட்டும்.’

அதன் நகலை நான்காய் மடித்து, தங்கள் பெட்டியில், அதே தடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். பெட்டியைத் தங்களுக்குத் தருவதாக இல்லை. மன்னிக்க வேண்டும், அது எங்களுக்கு வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாகப் பேருந்தின் பின்னிருக்கைப் போர்வைகளில் நல்லதாக ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். துவைத்தது செயின்ட் பெர்ட்டில்காரர்களின் இயந்திரத்தில், எங்களுடையது பழுது.

இந்த விழா முடிந்ததும் தேவாலய அடித்தளத்தில் விருந்து. கரண்டி இன்று ரஸ் கையில். தாங்கள் முதல் தட்டை எடுத்தாக வேண்டும், தங்கள் சட்டம் இன்று செல்லாது. ஹாட்டிஷ் அடி பிடித்திருந்தால் பொறுத்தருள்க.

பரிமாறிய பெருமாட்டியே! தங்கள் முழங்கால்கள் நலம் பெறுக! தங்கள் தக்காளிச் செடிகள் முதல் உறைபனிக்குத் தப்புக! நூறாண்டு நிறைய வாழ்க! கணக்குப் பார்த்தால் அதற்குள் ஆயிரத்தெழுநூறு புதன்கிழமைக்குமேல் வரும். அத்தனையிலும் காலை எட்டு மணிவரை தூங்குங்கள். ஐந்து மணிக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்தால், திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். பேருந்து வாசலில் சாண்ட்விச் பெட்டியோடு ரஸ் நிற்பார். வாங்குகிறவர்கள் இனி முகத்தைப் பார்த்து வாங்குவார்கள்.

காலம் கடந்து கைகூப்பும்,
ஓரின் கல்லூரி விளையாட்டுத் துறையினர்,
பேருந்து ஓட்டுநர் டுவெய்ன் ப்ரோகாப் உள்ளிட்ட பதினான்கு பேர்.